வீட்டிலிருந்து ஆன்சிஸ் லைசென்ஸ் கிடைக்கவில்லை: போர்ட் 1055 திறந்தும் −15 பிழை

லேப் பொறுப்பாளர்:
வணக்கம். எங்கள் கல்லூரி மெக்கானிக்கல் துறையில் ஆன்சிஸ் (பொறியியல் சிமுலேஷன் மென்பொருள்) நெட்வொர்க் லைசென்ஸ் இருக்கிறது, அதாவது ஒரு சர்வர் எல்லாக் கணினிகளுக்கும் லைசென்ஸைப் பகிர்ந்து தரும். லேப் மாலையிலேயே பூட்டிவிடும். இறுதியாண்டு மாணவர்களில் பலர் தினமும் பஸ்ஸில் ஊருக்குப் போய் வருகிறவர்கள், ப்ராஜெக்ட் வேலை இரவில்தான் நடக்கும். வீட்டிலிருந்தே கல்லூரி நெட்வொர்க்கில் நுழைய ஓபன்விபிஎன் போட்டு ஆளுக்கொரு கணக்கு கொடுத்தேன். விபிஎன் வழியாக வருபவர்களுக்கு ஃபயர்வாலில் லைசென்ஸ் சர்வரின் 1055, 2325 என்ற இரண்டு போர்ட்டுகளும் திறந்தாயிற்று. வீட்டுக் கணினியிலிருந்து 1055-க்கு இணைப்பு போகிறது. ஆனாலும் மென்பொருளைத் திறந்தால் −15, லைசென்ஸ் சர்வருடன் இணைக்க முடியவில்லை என்கிறது. லேப்பில் ஒரு குறையும் இல்லை. ரிவ்யூ நெருங்குகிறது, யாராவது வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1:
சார், விபிஎன் எதற்கு? ரவுட்டரில் பொது ஐபியின் 1055-ஐ லைசென்ஸ் சர்வருக்கு ஃபார்வர்ட் செய்துவிடுங்கள். மாணவர்களுக்கும் சுலபம்.

மறுமொழி 2 (நெட்வொர்க் நிர்வாகி):
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆன்சிஸ் லைசென்ஸைப் பகிர்ந்து தரும் ஃப்ளெக்ஸ்நெட் மென்பொருள் பாஸ்வேர்ட் கேட்காது. முகவரி தெரிந்த எவரும் உங்கள் லைசென்ஸை எடுத்துக்கொண்டு போகலாம், மாணவர் வரும்போது மிச்சம் இருக்காது. விபிஎன்தான் சரி.

உங்கள் சிக்கல் 1055-இல் இல்லை. அங்கே இருக்கும் எல்எம்ஜிஆர்டி என்ற ஃப்ளெக்ஸ்நெட் புரோகிராம் வரவேற்பு மேசை மாதிரி. கேட்டு வருகிறவரை ஆன்சிஸ்எல்எம்டி என்ற வெண்டார் டெமனிடம் (அதே சர்வரில் பின்னணியில் ஓடும் ஆன்சிஸின் சொந்தப் புரோகிராம்) அனுப்பிவிடும். லைசென்ஸ் தருவது அதுதான். அதற்கு நீங்கள் போர்ட் குறித்துக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறை சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போதும் ஏதோ ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். சர்வரின் லாக் ஃபைலில் "ஆன்சிஸ்எல்எம்டி யூசிங் டிசிபி-போர்ட்" என்று ஒரு வரி இருக்கும். ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள், அந்த எண் மாறியிருக்கலாம். லேப்பில் நடுவே ஃபயர்வால் இல்லாததால் அங்கே இது தெரியவில்லை.

லைசென்ஸ் ஃபைலில் வெண்டார் வரியின் கடைசியில் போர்ட்=1056 என்று சேருங்கள். இந்த ஒன்றை மாற்றினால் லைசென்ஸ் கெடாது, மற்ற வரிகளைத் தொடாதீர்கள். அப்புறம் 1056-ஐயும் விபிஎன் பக்கம் திறந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

லேப் பொறுப்பாளர்:
மிக்க நன்றி சார். 1056 போட்டதும் பலருக்கு வந்துவிட்டது. சிலருக்கு மட்டும் இப்போது −96 வருகிறது.

மறுமொழி 2:
அது பெயர்ச் சிக்கலாக இருக்கும். அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லும்போது சர்வர் தன் ஐபியைத் தராது, கணினிப் பெயரைத்தான் தரும். பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வீட்டில் வேறு, அதற்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? மாணவர் கணினி கல்லூரி டிஎன்எஸ்ஸையே கேட்கும்படி அதன் முகவரியை விபிஎன் வழியாகவே அனுப்புங்கள். அவசரத்துக்கு, மாணவர் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சர்வரின் ஐபியையும் பெயரையும் ஒரு வரியாக எழுதினாலும் போதும்.

மறுமொழி 3 (உதவிப் பேராசிரியை):
இதோடு உங்கள் லைசென்ஸ் ஒப்பந்தத்தையும் பாருங்கள். சில கல்வி லைசென்ஸ்களில் வளாகத்துக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது, அல்லது இத்தனை தூரத்துக்குள் என்று நிபந்தனை இருக்கும். தெளிவாக இல்லையென்றால் விற்பனையாளரிடம் மெயிலில் எழுதிக் கேளுங்கள், போனில் சொன்னது பின்னால் நிற்காது.

மொபைல் டேட்டாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும், ரேம் குறைவான லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் லேப் கணினியையே ரிமோட் டெஸ்க்டாப்பில் கொடுங்கள். திரை மட்டும்தான் இணையத்தில் வரும், கணக்கீடு லேப்பிலேயே ஓடும். நடுவில் நெட் போனாலும் சால்வர் (கணக்கிடும் பகுதி) நிற்காது. விபிஎன்னில் வீட்டுக் கணினியில் ஓடினால் அந்த உத்தரவாதம் இல்லை.

லேப் பொறுப்பாளர்:
டிஎன்எஸ் மாற்றியதும் −96 போய்விட்டது. ஒப்பந்தம் பற்றி விற்பனையாளருக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன் மேடம். அவர் எழுத்தில் பதில் தரும்வரை விபிஎன் கணக்குகளை நிறுத்திவைத்து, லேப் கணினிகளை இரவில் அணைக்காமல் ரிமோட்டில் கொடுக்கிறேன்.