கொன்றை மாதிரி மஞ்சள் பூ, என்ன மரம்? அவசரம்

பந்தலூர்க்காரன்:
படத்தில் இருப்பது என்ன மரம்? நாங்கள் வைக்கவே இல்லை. காப்பிக்கு நடுவில் தானாக முளைத்து, மளமளவென்று கூரை உயரம் வந்துவிட்டது. வைத்துக்கொள்ளலாமா, வெட்டணுமா? நாளைக்கு ஆள் வருகிறார்கள்.

விஷுக்கனி:
சரக்கொன்றைதான் சேட்டா. நாங்கள் விஷுவுக்குக் கணி வைப்பது இதுதான். மங்களகரமான மரம், வெட்டாதீர்கள்.

காட்டுப்பூனை:
பூ மட்டும்தான் தெரிகிறது, அதுவும் கலங்கல். இலை? காய்? எப்போது எடுத்த படம்?

பந்தலூர்க்காரன்:
இன்று காலைதான்.

தாவரப்பித்தன்:
இதே கேள்விக்கு எத்தனை தடவை எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. பூவை மட்டும் காட்டி மரத்தைக் கேட்பது, கரண்டியைக் காட்டி என்ன குழம்பு என்று கேட்பது போல. சரக்கொன்றை ஐப்பசியில் இப்படிப் பூத்துக் குலுங்காது, சித்திரை மரம் அது. பூங்கொத்து சரமாகத் தொங்கும். படத்தில் கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கிறதே, கண் தெரியவில்லையா? சென்னா ஸ்பெக்டாபிலிஸாக இருக்கலாம். மத்திய, தென் அமெரிக்க மரம். வயநாட்டிலும் முதுமலையிலும் காட்டையே மூடிவிட்டது. ஆனால் சாலையோரம் வைக்கும் சென்னா சயாமியாவுக்கும் பூ இப்படித்தான். அதன் காய் தட்டை, சிற்றிலை நுனி மழுங்கல். ஸ்பெக்டாபிலிஸுக்குக் காய் குழல் போல உருண்டை, இலை நுனி கூர். பார்த்துச் சொல்லுங்கள்.

எஸ்டேட்ராஜா:
எந்த மரமானால் என்ன? நிழல் தருகிறது. காப்பிக்கு நிழலுக்கு வைக்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா, காப்பி ஆப்பிரிக்கா. அதையும் பிடுங்குவீர்களா?

காட்டுப்பூனை:
சில்வர் ஓக் முதுமலைக்குள் புகுந்து புல்லை அழித்ததா அண்ணா? இந்தச் சென்னாவின் அடியில் புல் தலையெடுக்காது. மான் எதை மேயும்?

எஸ்டேட்ராஜா:
உண்ணிச்செடி மட்டும் புல்லை விட்டுவைத்ததா? முதலில் அதைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

காட்டுப்பூனை:
இரண்டையும்தான். முதுமலையில் இந்த மரத்தை வெட்டிக் காகித ஆலைக்குக் கொடுக்கிறார்கள், தெரியாதா?

எஸ்டேட்ராஜா:
ஆலைக்கு லாபம். தோட்டக்காரனுக்கு?

விஷுக்கனி:
எனக்கு இன்னும் கொன்றை என்றுதான் தோன்றுகிறது.

பந்தலூர்க்காரன்:
காய் உருண்டை, நீளம். இலை நுனி கூர்தான். ஆட்கள் இப்போதுதான் வெட்டி முடித்தார்கள். எல்லாருக்கும் நன்றி.

தாவரப்பித்தன்:
அப்படியானால் ஸ்பெக்டாபிலிஸேதான். சும்மா வெட்டினால் கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். சின்ன மரத்தை வேரோடு பிடுங்கணும். பெரியதை நிற்க வைத்தே நெஞ்சு உயரத்திலிருந்து தரை வரை சுற்றிலும் பட்டையை உரித்துக் காய விடணும். கீழே விழுந்த காய்களைப் பொறுக்கினீர்களா?

தாவரப்பித்தன்:
பந்தலூர்க்காரரே?