புதுப்பிப்பு: பக்கவாதத்துக்குப் பின் உட்கார்ந்து எழும் பயிற்சி
முந்தைய பதிவில், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை 10 முறை, 3 சுற்று செய்யச் சொல்லியிருந்தோம். எழும்போது உடம்பு நல்ல பக்கமே சாய்கிறது என்று கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நல்ல கால் பின்னால் இருந்தால் பாரமெல்லாம் அதில்தான் போகும். பாதிக்கப்பட்ட பாதத்தை நாலு விரற்கடை பின்னுக்கு வையுங்கள். குதிகால் தரையில் பதியட்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து, பிறகு எழுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். தொப்பென்று உட்காராமல் ஐந்து எண்ணி இறங்குங்கள். தொடை வலுவுக்கு அந்த இறக்கம்தான் முக்கியம். எழவே முடியவில்லையா? மடித்த ஜமக்காளம் போட்டு இருக்கையை உயர்த்துங்கள்.

தூக்கிவிடுகிறவர்கள் தயவுசெய்து செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். இடுப்பில் துண்டு கட்டிப் பிடியுங்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நடப்பது? பாதம் தொங்கினால் வேண்டாம், விரல் மணலில் மாட்டும். இப்போதைக்குச் சமதரையே போதும்.