வீட்டை விட்டுப் போக வேண்டியது யார்?

மல்லிகா_த:
போன மாதம் என் சித்தி மகளோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். புருஷன் அடித்ததில் அவளுக்கு இடது கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் ரேஷன் கார்டு, பையனின் தடுப்பூசி அட்டை, ஒரு நைட்டி. கிளம்பும்போது எது கையில் பட்டதோ அதை அள்ளிப் போட்டிருக்கிறாள்.

மனுவை வாங்கிய பெண் காவலர் அன்பாகத்தான் பேசினார். "தங்க இடமில்லைன்னா சொல்லும்மா, சகி மையத்துல சேர்த்துடறோம்" என்றார். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு உதவி மையம் அது. ஆட்டோவில் வரும்போது இவள் என்னைக் கேட்டாள்: "அடிச்சது அவரு. வீட்டுல இருக்கறதும் அவரு. நான் எதுக்குக்கா பையைத் தூக்கிட்டு அலையணும்?"

அன்றிலிருந்து எனக்கும் அதே கேள்விதான். 181 உதவி எண், சகி மையம், விடுதி என்று அரசு செய்வதெல்லாம் வெளியே வந்துவிட்ட பெண்ணுக்கு. சகி மையத்தில் தங்குவதும் ஐந்து நாள் வரைதான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவில், அடித்தவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. ஸ்டேஷனில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரகு77:
உங்கள் தங்கைக்கு நடந்தது கொடுமை, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 19ஆம் பிரிவைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன்.

என் அண்ணன் வழக்கில், அவர் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டியாக உத்தரவு வந்தது. வீடு அம்மா பெயரில். கடன் தவணை அண்ணன் சம்பளத்தில். அவர் நண்பர் அறையில் எட்டு மாதம் படுத்திருந்தார். கடைசியில் இரு தரப்பும் சமரசமாகி மனு வாபஸ் ஆனது. அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்? இயந்திரத்தனமாகக் கைது செய்யாதீர்கள் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. முதலில் விசாரணை, அப்புறம் உத்தரவு. அதுதான் நியாயம்.

வக்கீல் தேன்மொழி:
ரகு சார், இரண்டு சட்டங்களைக் குழப்பிக்கொள்கிறீர்கள். அர்னேஷ் குமார் தீர்ப்பு, மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவில் நடக்கும் கைது பற்றியது. அந்தப் பிரிவு 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனு போட்டவுடன் கைது கிடையாது. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இடைக்கால உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் அண்ணனுக்கு அதை யாராவது சொன்னார்களா?

விசாரணை வேண்டும் என்பது சரி. மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்றுதான் சட்டமும் சொல்கிறது. நடப்பதோ வேறு. நோட்டீஸ் எதிர்த்தரப்பு கைக்குப் போய்ச் சேரவே மாதக்கணக்கில் இழுக்கிறது. உங்கள் அண்ணனின் எட்டு மாதமும் மல்லிகா தங்கையின் அலைச்சலும் ஒரே தாமதத்தில் வந்தவை.

ரகு77:
மேல்முறையீடு பற்றி யாரும் சொல்லவில்லை. சரி, கைது பற்றிச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் இதற்குப் பதில் சொல்லுங்கள். வீட்டைவிட்டு அனுப்பிய ஆள் கோபத்தோடு ராத்திரி திரும்பி வந்து கதவைத் தட்டினால்? காகிதத்தில் இருக்கும் உத்தரவு தாழ்ப்பாள் ஆகுமா? அவனுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதுதானே அவளுக்குப் பாதுகாப்பு?

கமலம் அம்மா:
தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது. மல்லிகா, விடுதியை லேசாகப் பேசாதே. எங்கள் தெருவில் ஒரு பெண்ணை மண்ணெண்ணெய் கேனோடு துரத்தினான் அவள் புருஷன். முகவரி தெரியாத விடுதிக்குப் போனதால்தான் அவள் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள். இது 90களில். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் வந்த புதிது. அதற்கு முன்னால் ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே எங்களுக்குப் பயம்.

மல்லிகா_த:
அம்மா, விடுதி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒன்றுதான் வழி என்று ஆக்காதீர்கள் என்கிறேன்.

ரகு சார் கேள்விக்கு வருகிறேன். ஆஸ்திரியாவில் 1997லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வரும் போலீஸே அந்த இடத்திலேயே அவனிடம் சாவியை வாங்கி வெளியே அனுப்பலாம். இப்போது இரண்டு வாரம் அவன் உள்ளே வர முடியாது. போலீஸே உதவி மையத்துக்குத் தகவல் கொடுக்கிறது, மையத்திலிருந்து அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்கிறார்கள். அவள் தேடி அலைய வேண்டியதில்லை. யோசிக்க அவளுக்கு இரண்டு வாரம், அதுவும் சொந்த வீட்டில், பிள்ளை அதே பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்க!

வக்கீல் தேன்மொழி:
இங்கேயும் 19(5)இல், பெண்ணுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி அருகிலுள்ள ஸ்டேஷன் அதிகாரிக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். அதையும் சேர்த்துக் கேட்காமல் மனு போடுவது வக்கீல்கள் நாங்கள் செய்யும் தவறு.

பெரிய ஓட்டை பாதுகாப்பு அலுவலர் பதவியில் இருக்கிறது. நிகழ்வு அறிக்கை எழுதுவது, கோர்ட்டுக்கு அனுப்புவது, மருத்துவம், சட்ட உதவி என்று எல்லாம் அவர் தலையில். பல இடங்களில் வேறொரு வேலையோடு கூடுதல் பொறுப்பாக இதைப் பார்க்கிறார்கள். எல்லா மாநிலங்களும் இவர்களை நியமிக்க வேண்டும் என்று 2025 மே மாதம்கூட உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 14 சதவீதம்தான். அத்தனையையும் தாண்டி வருகிறவளிடம் "அலுவலர் இன்னைக்கு கேம்ப்ல இருக்கார்" என்றால் அடுத்த முறை வருவாளா?

அப்புறம் ரகு சார், மாமியார் பெயரில் உள்ள வீட்டிலும் மருமகளுக்குத் தங்கும் உரிமை உண்டு என்று 2020இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் தீர்ப்பு வந்தது. பெரியவர்கள் நிம்மதியாக வாழும் உரிமையையும் பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மாற்று வீடோ வாடகையோ கேட்கவும் 19இலேயே இடம் உண்டு.

ரகு77:
என் அம்மாவுக்கு 71 வயது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அந்த வலி எனக்குப் போகாது. எக்ஸ்பார்ட்டி உத்தரவு போட்டால் ஒரு வாரத்துக்குள் எதிர்த்தரப்பைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று விதி வரட்டும். அப்படி வந்தால் உங்கள் பக்கம் நிற்கிறேன். அதுவரை இல்லை.

மல்லிகா_த:
அந்த விதி எங்களுக்கும் நல்லதுதான் சார். ஒரு வாரத்தில் கேட்டால் ஒரு வாரத்தில் முடியும்.

தேன்மொழி மேடம், தங்கை வழக்கில் செவ்வாய்க்கிழமைதான் முதல் வாய்தா. பையனின் பள்ளிச் சீருடையும் அவள் நகையும் அந்த வீட்டுப் பீரோவில் இருக்கின்றன. நானும் அவளும் போய் எடுத்துக்கொள்ளலாமா?

வக்கீல் தேன்மொழி:
தனியாகப் போகாதீர்கள். பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, போலீஸ் துணையோடு போங்கள். நகையைத் திருப்பித் தரச் சொல்லி 19(8)இன் கீழ் செவ்வாயன்றே கேளுங்கள். பட்டியலில் சீருடையையும் எழுதுங்கள். வக்கீல் இல்லையென்றால் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். பெண்களுக்கு வருமானச் சான்று தேவையில்லை.