5 சீரிஸ் 530: பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே 13 குதிரைத்திறன்தான் வேறுபாடா?

கேள்வி:
வணக்கம். பயன்படுத்திய பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் ஒன்றை, 2017-இல் இந்தியாவுக்கு வந்த ஜி30 தலைமுறையில், வாங்க எண்ணியிருக்கிறேன். 530 பெட்ரோலுக்கு 252 குதிரைத்திறன், 530 டீசலுக்கு 265 என்று விவரக்குறிப்பு சொல்கிறது. ஆனால் இரண்டையும் ஓட்டிப் பார்த்தபோது டீசல் வேறொரு வகுப்பைச் சேர்ந்த வண்டியைப் போல இழுத்தது. இதற்குக் காரணம் என்ன? கோயம்புத்தூரில் இருக்கிறேன், ஊட்டிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

மறுமொழி 1:
நீங்கள் ஒப்பிட்ட இரண்டும் உச்ச எண்கள். பெட்ரோல் எஞ்சின் தன் 252-ஐ நிமிடத்துக்கு 5,200 சுழற்சிக்கு மேல்தான் தருகிறது. டீசலோ 265-ஐ 4,000 சுழற்சியிலேயே எட்டிவிடுகிறது. அன்றாட ஓட்டத்தில் சுழற்சியைக் காட்டும் முள் பெரும்பாலும் 1,500-க்கும் 2,500-க்கும் இடையில்தான் நிற்கும் என்பதால், அங்கே என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. பெட்ரோலின் முறுக்குவிசை 1,450 முதல் 4,800 சுழற்சி வரை 350 நியூட்டன் மீட்டர்; டீசலுக்கு 2,000 முதல் 2,500 வரை 620. முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி ஏறத்தாழ 7,020-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். அந்தக் கணக்கில் 2,000 சுழற்சியில் பெட்ரோல் தருவது 100, டீசல் தருவது 177. நீங்கள் உணர்ந்தது இந்த 77-ஐத்தான்.

இன்னொன்று, பெட்ரோல் நான்கு சிலிண்டர் கொண்ட 2 லிட்டர் எஞ்சின், டீசல் ஆறு சிலிண்டர் கொண்ட 3 லிட்டர் எஞ்சின். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவின் அழுத்தம் ஏறுவதற்கு முந்தைய அந்த ஒரு கணத்தில் எஞ்சினின் கொள்ளளவுதான் பேசும். ஆகவே நிறுத்தத்திலிருந்து நகரும்போதே பெரிய எஞ்சினுக்குத் தயக்கம் குறைவு. பெயர்ப்பலகையில் இரண்டுக்கும் ஒரே 530 என்று எழுதியிருப்பது, என்னைக் கேட்டால், வாங்குபவரைக் குழப்புவதற்கே உதவுகிறது.

மறுமொழி 2:
மேலே சொன்ன கணக்கு சரிதான், ஆனால் பாதிக் கணக்கு. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் இரு வண்டிகளிலும் உள்ள இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேகத் தானியங்கி கியர்பெட்டி பெட்ரோலை இரண்டு மூன்று கியர் இறக்கி 4,500 சுழற்சிக்குக் கொண்டுபோய்விடும். அங்கே அதன் திறன் 224. நிறுவனம் தரும் எண்களைப் பாருங்கள்: நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட டீசலுக்கு 5.7 நொடி, பெட்ரோலுக்கு 6.2 நொடி. அரை நொடிதான். மிதிக்கத் தயங்காதவருக்கு பெட்ரோல் குறைவைக்காது. முன்பக்க எடை குறைவு என்பதால் வளைவில் திரும்புவதும் இலகு. பெட்ரோல் வண்டியை மெதுவாக மிதித்தே ஓட்டிப் பார்த்துவிட்டு அதற்கு வேகமில்லை என்று முடிவு செய்வது அதற்கு இழைக்கும் அநீதி.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மலையில் காற்று மெலிந்திருக்குமே, அது எதைக் கூடுதலாகப் பாதிக்கும்?

மறுமொழி 3:
ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கே திறனையும் இழக்கும். இவை இரண்டிலும் டர்போ கூடுதலாகச் சுழன்று குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்; ஆனால் அழுத்தம் ஏறச் சற்று நேரமாகும் என்பதால், கல்லாறு தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் முழுதும் குறைந்து மீண்டும் மிதிக்கும்போது சிறிய எஞ்சினில்தான் தாமதம் அதிகம் தெரியும்.

பெட்ரோலை எடுத்தால் எரிபொருளையும் கவனியுங்கள். பெட்ரோல் அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் அளவை ஆக்டேன் எண் சொல்கிறது. ஐரோப்பாவில் சாதாரண பெட்ரோலே 95 ஆக்டேன். நம் ஊரில் நெடுங்காலம் 91-தான் பொதுவாகக் கிடைத்தது. ஆக்டேன் குறைந்தால், குறிப்பாக வெயிலில், எரிபொருள் அப்படி வெடித்து எஞ்சின் தட்டாமலிருக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு தீப்பொறியைத் தாமதப்படுத்தும். திறனும் அந்த அளவுக்குக் குறையும். டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் புகைபோக்கியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர ஏறத்தாழ 600 பாகை வெப்பம் வேண்டும். காந்திபுரத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அந்த வெப்பம் வராது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எஞ்சின் தானாகவே திறனைக் குறைத்துக்கொள்ளும். மாதத்தில் சில முறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டுவீர்கள் என்றால் டீசலை எடுக்கலாம். இல்லையென்றால் பெட்ரோல்தான். எதுவானாலும் முன்பணம் கொடுக்குமுன் வண்டியை மேட்டுப்பாளையம் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பதில் இவற்றில் எதுவும் தெரியாது.