நாய்க்கு மோட்சம் உண்டா? மகளுக்கு என்ன சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பூண்டி மாதா கோவிலுக்குப் பக்கம். 11 வருடம் வீட்டில் இருந்த நாட்டு நாய் மணி, வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரத்தில் இறந்துவிட்டது. கொல்லையில் தென்னைக்கடியில் புதைத்தோம். மகள் இன்னும் அதன் அலுமினியத் தட்டைக் கழுவி வாசற்படியில் வைக்கிறாள்.

அவள் இந்த வருடம் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கப் போகிறவள். மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறாள். "நாய்க்கெல்லாம் மோட்சம் கிடையாது" என்று ஒரே வரியில் பதில். வந்து சாப்பிடவே இல்லை.

நானும் தேடிப் பார்த்தேன். விலங்கின் ஆன்மா உடலோடு முடிந்துவிடும் என்பது இடைக்காலத் திருச்சபை அறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸின் கருத்து. ஆனால் விவிலியத்தில் உரோமையர் 8:21 படைப்பு முழுவதும் அழிவிலிருந்து விடுவிக்கப்படும் என்கிறது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சி' மடலும் நித்திய வாழ்வில் ஒவ்வொரு படைப்புக்கும் இடம் இருக்கும் என்கிறது. மணி என்ற அந்தக் குறிப்பிட்ட நாய் வருமா என்றால், அதற்கு நேரான பதில் இவற்றில் இல்லை. விவிலியத்தின் சபை உரையாளர் 3:21 இதைக் கேள்வியாகவே விட்டுவிடுகிறது! (எனக்கென்னவோ அதுதான் நேர்மையாகப் படுகிறது.)

சரி, எட்டு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? உங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொன்னீர்கள்? அப்புறம், புதைத்த இடத்தில் சின்னதாகச் சிலுவை நடவேண்டும் என்கிறாள். நடலாமா? குருக்கள், அருட்சகோதரிகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.