மறு: ஆண்பார்வையா, ஆண்நோக்கா, வேறு ஏதாவதா?

அன்புள்ள குழுவினருக்கு,

மூன்று நாளாக எல்லா மடல்களையும் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனி முடியாது. ஓவிய வரலாறு பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், நம் குழு மூன்று நாளாகத் தமிழ் தேடும் 'male gaze' என்ற இந்தச் சொல்லிடம்தான் (பெண்ணை ஆணின் விருப்பப்படி பார்க்கவும் காட்டவும் செய்யும் பார்வை) நானும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இப்போதைக்கு 'மேல் கேஸ்' என்று ஒலிபெயர்த்து வைத்தேன். பக்கம் வடிவமைக்கும் தம்பி படித்துவிட்டு, "கீழ் கேஸ் எங்கே அக்கா?" என்றார். ஆக, அந்த வழி அடைபட்டது.

> ஆண்பார்வை போதுமே. எளிமை, பலர் எழுதியும் வருகிறார்கள்.

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் படித்ததும் 'ஓர் ஆண் பார்ப்பது' என்றுதான் மனதில் படுகிறது. இந்தச் சொல்லுக்கு வித்திட்ட திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் 'ஸ்கிரீன்' என்ற திரைப்பட ஆய்விதழில் எழுதிய கட்டுரை அதற்கு மேலே போகிறது. அவர் மூன்று பார்வைகளைப் பிரித்துக் காட்டினார்: கேமராவின் பார்வை, திரையைப் பார்க்கும் நம்முடைய பார்வை, கதைக்குள் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது. வணிகப் படம் முதல் இரண்டையும் மறைத்து மூன்றாவதற்குள் அடக்கிவிடுகிறது. நாயகன் பார்க்கிறான், அவன் தோளுக்குப் பின்னால் நின்று நாமும் பார்க்கிறோம். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் அந்த ஒரே ஜன்னல்தான். 'ஆண்பார்வை' என்று சொன்னால் அந்தப் பெண் எங்கே போவாள்?

இதற்கு நம்மிடமே ஓர் உரைகல் இருக்கிறது: உலா. அரசன் வீதியில் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்துப் பார்த்து உருகுகிறார்கள், வளை கழல்கிறது, மேனி பசக்கிறது. பார்ப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஆனால் ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள்மேல் பாடிய மூவருலாவைப் பெண்களின் பார்வை என்று இங்கே யாராவது சொல்வீர்களா? அவர்கள் பார்க்கும்போதே பாட்டு அவர்கள் உடம்பை அளந்துகொண்டு போகிறது. கண் அவர்களுடையது, பார்வை வேறு யாருடையதோ. நாம் தேடும் சொல் உலாவுக்குப் பொருந்த வேண்டும் என்பதுதான் என் நிபந்தனை.

> அப்படியானால் நோக்கு. "அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்" என்று கம்பனே ஆண்ட சொல்லாயிற்றே.

ஐயா, அந்த வரியே எனக்குச் சாட்சி சொல்கிறது. அங்கே இரண்டு 'உம்' இருக்கின்றன. குறளிலும் 'நோக்கெதிர் நோக்குதல்' என்றுதான் வருகிறது. நோக்கு என்றாலே எதிர்நோக்கும் கூட வந்து நிற்கும் மரபு நம்முடையது. நாம் பெயர் வைக்கப் பார்ப்பதோ இரண்டாவது 'உம்' இல்லாத ஒன்றுக்கு.

ஓவியத்திலிருந்தும் ஒரு சாட்சி. 1863இல் பாரிஸ் சலோன் என்ற பெரிய ஓவியக் கண்காட்சியில், கபனெல் என்ற ஓவியர் வரைந்த வீனஸ் தேவதையின் படம் வைக்கப்பட்டது. அலைமேல் ஆடையின்றிப் படுத்திருக்கிறாள், கை மடங்கி நெற்றியில் கிடக்கிறது, கையின் நிழலில் கண் பாதி மூடியிருக்கிறது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே விலைக்கு வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து அதே சலோனில் மானே என்ற ஓவியரின் 'ஒலிம்பியா' வந்தது. அவளும் ஆடையின்றித்தான் படுத்திருக்கிறாள், ஆனால் தலையை நிமிர்த்தி நம்மை நேராகப் பார்க்கிறாள். பாரிஸ் கொதித்தது. கடைசியில் படத்தை எட்டாத உயரத்தில் தூக்கி மாட்டினார்கள். அவள் பாலியல் தொழில் செய்பவள் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் அந்தக் கண் இல்லாவிட்டால் இவ்வளவு ரகளை நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் செய்ததை நோக்கு என்று சொல்லலாம். எதிரே நின்று பார்த்தவர்கள் செய்ததற்கு அந்தச் சொல்லைக் கொடுக்க மனசு வரவில்லை.

அப்புறம், புணர்ச்சிவிதிப்படி எழுதினால் 'ஆணோக்கு' ஆகிவிடும். படிப்பவர் ஏதோ பூச்சிமருந்து என்று நினைப்பார்.

'ஆண் கண்ணோட்டம்' என்பதும் வேண்டாம். குறளில் கண்ணோட்டம் என்றால் இரக்கம்.

> நோட்டம் எப்படி? "நோட்டம் விடுகிறான்" என்பது ஊரெல்லாம் புழங்கும் பேச்சு.

இதை எழுதிய தங்கைக்கு ஒரு சபாஷ். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காசு நல்ல காசா என்று பார்ப்பதும் நோட்டம்தான், விலை மதிப்பிடும் வாடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'பெண் பார்ப்பது' என்ற வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள்: நிறம், நடை, முடி, காபித் தட்டைப் பிடிக்கும் கை. 'மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம்' என்றால் தேடிவிட்டோம், விசாரித்துவிட்டோம் என்று பொருள். ஒரே வினைச்சொல், பெண்ணிடம் வந்தால் கண்ணின் வேலை, ஆணிடம் போனால் விசாரணை.

இருந்தும் நோட்டம் விடுவது ஒருவன் தெரிந்து செய்யும் காரியம். அவன் குற்றவாளி, பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். கேமராக் கோணத்தை அப்படிப் பிடிக்க முடியாது. அதனால் அரை மனதோடு தள்ளிவைக்கிறேன்.

> எதற்கு இத்தனை சுற்று? ஆணாதிக்கப் பார்வை என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

ஆணாதிக்கம் நிலைத்துவிட்ட சொல், அதை இதனோடு கலக்க வேண்டாம். கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர்கள் குழு 1989இல் ஒரு சுவரொட்டி போட்டது. நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் நவீனக் கலைப் பிரிவுகளில் கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணப் படைப்புகளில் 85 சதவீதம் பெண்கள் என்று. முதல் எண்ணுக்கு ஆணாதிக்கம் என்ற சொல் போதும். இரண்டாவது எண்ணுக்குத்தான் நாம் இங்கே சொல் தேடுகிறோம்.

என் முன்மொழிவு: ஆண்வழிப் பார்வை.

குறளில் 'பெண்வழிச்சேறல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. மனைவி சொல்படி நடக்கும் ஆண்களை வள்ளுவர் ஒரு பிடி பிடிப்பார். படிக்கும்போது எரிச்சல் வரும், அது தனிக் கதை. அங்கே 'வழி' என்பதற்கு இன்னார் விருப்பப்படி நடத்தல் என்று பொருள். நமக்கு வேண்டியதும் அதுவே: யார் கண்ணாக இருந்தாலும் ஆணின் விருப்பப்படி நடக்கும் பார்வை. உலாவுக்கும் சரியாக உட்காருகிறது. 'ஆண்வழி வாரிசு' என்று வம்சத்துக்கும் சொல்கிறோமே என்பீர்கள். உண்மைதான், இதன் பலவீனம் அது. ஆனால் பக்கத்தில் 'பார்வை' வந்தபின் யாருக்கும் சொத்துப் பத்திரம் நினைவுக்கு வராது என்று நம்புகிறேன்.

சொல்லைச் சோதிக்க ஒரு காட்சி தருகிறேன். அத்தை மகள் கல்யாணம். வங்கியில் அதிகாரி, கவுன்ட்டரில் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவள். படம் எடுக்க வந்தவர் மாப்பிள்ளையிடம், "சார், நீங்க நேரா லென்ஸைப் பாருங்க" என்றார். இவளிடம், "நீங்க கண்ணைக் கீழ இறக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப லேசா வெட்கம்" என்றார். ஏழெட்டுப் படம் இப்படியே போனது. அப்புறம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கேமரா உயர்ந்ததும் இவள் இமை தானாகத் தாழ்ந்தது. படம் எடுத்தவர் இருபத்தைந்து வயதுப் பெண்.

இந்த இடத்தில் 'ஆண்பார்வை' என்று எழுதிப் பாருங்கள், இடறும். 'ஆண்வழிப் பார்வை' என்று எழுதினால் வாக்கியம் ஓடுகிறது.

இரண்டு சந்தேகம் மிச்சம். 'ஆண்வழிப்பார்வை' என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா? எதிர்ச்சொல்லாகப் 'பெண்வழிப் பார்வை' என்று வைத்தால் வள்ளுவரின் கோபமும் கூடவே ஒட்டிக்கொண்டு வருமா? புலவர் ஐயா ஒரு வரி எழுதினால் நல்லது. பக்கங்கள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன.