மூத்த தீயணைப்பு வீரர்களின் மன அழுத்தம்: வழிகாட்டுதல் தேவை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். தீயணைப்புத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, ஐம்பது வயதைக் கடந்துவிட்ட என் அண்ணனுக்காக எழுதுகிறேன். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பலிகொண்ட கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் மீட்புப் பணி செய்தவர் அவர். அனுபவம் கூடக் கூட மனம் பழகிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அவரிடம் நான் காண்பதோ நேர்மாறு. கிணறுகளிலும் சாலைகளிலும் மீட்ட உடல்களின் நினைவு ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வர, அழைப்பு மணி அடிக்காத இரவுகளிலும் திடுக்கிட்டு எழுகிறார். மூத்தவர் என்பதால் இளையவர்களின் உயிருக்கும் தாமே பொறுப்பு என்ற கவலை வேறு. அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் பேசியது ஆறுதலாக இருந்தது. ஆயினும் நேரில் தொடர் ஆலோசனை தேவைப்படுகிறது. தஞ்சாவூர், திருச்சி பகுதிகளில் இத்தகைய பணியாளர்களை நன்கறிந்த மனநல மருத்துவர் இருந்தால் தெரிவியுங்கள். ஓய்வுபெற்ற வீரர்கள் எவரேனும் அவரோடு ஒருமுறை பேச இயலுமா?